சேதுராசுவின் இடது கை

நொச்சியேந்தலில் கிராம சபை கூடி எண்ணெய்க் கம்பெனிக்குச் சம்மதம் சொன்ன அன்றைக்கு, பூமயில் தன் வலது கையைத் தனக்காகவும் இடது கையைக் குவைத்தில் இருக்கும் புருஷன் சேதுராசுக்காகவும் தூக்கினாள். தீர்மானம் நிறைவேறியது என்று கிளார்க்கு சொல்லி முடித்ததும் வலது கை இறங்கியது, இடது கை இறங்கவில்லை. அவளுக்கு மட்டும் என்றால் ஏதோ சுளுக்கு என்று நல்லெண்ணெய் தேய்த்து விட்டிருப்பார்கள். புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த அத்தனை பொம்பளைகளுக்கும் அப்படியே நின்றுவிட்டது. கம்பெனிக்காரர்கள் கொடுத்த லட்டு டப்பாவை வலது கையில் வாங்கிக்கொண்டு, இடது கையை ஆகாயத்துக்குக் கொடுத்துவிட்டு, அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள்.

ஒரு ஆளுக்கு எதற்கு ரெண்டு கை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். மழை பொய்த்துப் பொய்த்து, ஊர் ஆம்பளைகள் ஒவ்வொருத்தராகச் சவுதிக்கும் குவைத்துக்கும் பிளேன் ஏறி, அங்கே பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற கம்பெனிகளில் குழாய் தூக்கப் போன பிறகு, கண்மாய் மீனை ஏலம் விடுவதற்குக்கூட நொச்சியேந்தலில் கை தூக்க ஆள் இல்லாமல் போயிற்று. அப்போதுதான், ஊரில் இல்லாத ஆம்பளைக்குப் பதிலாக அவன் சம்சாரம் இடது கையைத் தூக்கலாம், அது அவனுடைய கையாகவே எண்ணப்படும் என்று ஊர் கூடி முடிவெடுத்தது. ஒரே ஒரு நிபந்தனை, அவனைக் கேட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும். கடிதாசி காலத்தில் குவைத்திலிருந்து பதில் வந்து சேர்வதற்குள் மீனையெல்லாம் கொக்கு தின்று தீர்த்ததும் நடந்திருக்கிறது, ஆனாலும் ஒருத்தியும் கேட்காமல் தூக்கியதில்லை. போன் வந்த பிறகு அது சுலபமாகிவிட்டது.

இந்த வழக்கமெல்லாம் கம்பெனிக்கு எப்படித் தெரியும் என்றால், அதைத் தெரிந்துகொள்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு மனுஷர் அங்கே இருந்தார். சந்தானம் சார் என்று பெயர். எந்த ஊர்க்காரர் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை, ஆனால் பொம்பளைகளை எல்லாம் தங்கச்சி என்பார், யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பது அவர் விரல் நுனியில் இருக்கும். கடலோரத்தில் கம்பெனி கட்டிய கெஸ்ட் ஹவுஸுக்கு அவர்தான் காவல் தெய்வம் மாதிரி. ஆளுங்கட்சி மந்திரி அங்கே வந்து தங்குவார், சாளை மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு டெண்டரைப் பற்றிப் பேசுவார். அவர் போன மறுவாரம் எதிர்க்கட்சித் தலைவர் அதே அறையில் தங்கி, அதே குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, டெண்டரை எப்படி எதிர்ப்பது என்று பேசுவார். ரெண்டு பேருடைய தேர்தல் கார்களுக்கும் டீசல் ஒரே பெட்ரோல் பங்கில்தான் போட்டார்கள். டெண்டர் நிபந்தனைகள் வெளியானபோது, அவை அந்த ஒரு கம்பெனிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தன. வேறு எவனும் போட்டுப் பார்க்கக்கூட முடியவில்லை. ஊர்ச் சம்மதம் என்கிற ஒரே ஒரு பித்தான் மட்டும் பாக்கி இருந்தது, அதற்குத்தான் சந்தானம் சார் நொச்சியேந்தலுக்கு வந்தார்.

வந்தவர் நிலத்தைப் பற்றிப் பேசவில்லை, பணத்தைப் பற்றிப் பேசவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சிகளா, ஒங்க வீட்டு ஆம்பளைக அடுத்தவன் மண்ணுல எண்ணெய் எடுத்துக் கருவாடாக் காயுறாக. அதே எண்ணெய் இங்க ஒங்க காலுக்கு அடியில கெடக்கு. இங்கயே கெணறு வந்தா இங்கயே வேலை. சாயங்காலம் ஆனா வீட்டுக்கு வந்து கை கால் கழுவிட்டுச் சாப்பிடலாம்" என்றார். அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் பூமயில் காதில் விழவில்லை. சேதுராசு வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம், வாளியில் தண்ணீர் மொள்ளுகிற சத்தம், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "என்ன குழம்பு" என்று கேட்கிற சத்தம், இதெல்லாம்தான் விழுந்தது. அவன் கடைசியாக ஊருக்கு வந்தது அவன் அம்மா செத்ததற்கு. காரியம் முடிந்த ஈரத்தோடு பிளேன் ஏறிப் போனவன்தான். மந்திரி அவசரமாக வெளியூர் போகிறார், முடிவு இப்போதே வேண்டும் என்று சந்தானம் சார் சொன்னபோது, அங்கே ஆம்பளைகள் வேலையில் இருக்கிற நேரம், கிணற்றுப் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆசை கண்ணை மறைக்கும்போது வழக்கமாவது ஒன்றாவது. கேட்காமலே தூக்கினார்கள்.

முதல் சில நாள் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது, வலி இருந்தால் வாருங்கள் என்றார்கள், வலி இல்லை. கோயிலில் பூசாரி விபூதி அடித்துப் பார்த்தார். அது விபூதி படிந்த கையாக அப்படியே நின்றது. அப்புறம் ஊர் பழகிக்கொண்டது, எதற்குத்தான் பழகாது ஊர்? டெய்லர் ஜமால் பாய் இடது பக்கம் கழுத்திலிருந்து இடுப்புவரை கொக்கி வைத்து ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டார், முதலில் முனகிக்கொண்டும் பிறகு தன் கண்டுபிடிப்பு என்று பெருமை அடித்துக்கொண்டும் தைத்தார். தலை பின்ன ஒரு கை போதாது என்பதால், பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பொம்பளைகள்கூட ஒருத்தி முடியை ஒருத்தி பின்னிவிட்டார்கள். மெயின் ரோட்டில் போய் நின்றால் வருகிற ஆட்டோவெல்லாம் நின்றது. மினி பஸ்ஸில் மட்டும் இவர்கள் எல்லாரையும் போல இருந்தார்கள், ஏனென்றால் அங்கே எல்லாருமே மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். பஸ் நின்று எல்லாரும் இறங்கும்போதுதான் நொச்சியேந்தல் பொம்பளை யார் என்று தெரியும்.

பூமயிலுக்கு மெல்ல மெல்ல ஒன்று பிடிபட்டது. முதலில் நகக்கண்ணில் கறுப்பு தெரிந்தது. சீயக்காய் போட்டுக் கழுவியும் போகவில்லை. பிறகு உள்ளங்கையில் காய்ப்பு ஏறியது. அப்புறம் ஒருநாள் ஆள்காட்டி விரலின் குறுக்கே வெள்ளையாக ஒரு தழும்பு. சின்ன வயதில் கருவேல முள் வெட்டும்போது சேதுராசு அரிவாளால் போட்டுக்கொண்ட வெட்டு அது, அத்தை மகளான அவள்தான் ஓடிவந்து பாவாடையைக் கிழித்துக் கட்டுப்போட்டவள், அவளுக்கா அடையாளம் தெரியாது. கைக்கு டீசல் வாசம் வந்தது, அவன் போடுகிற பச்சை சோப்பு வாசமும் வந்தது. இங்கே பொழுது விடிந்த பிறகும் கை கொஞ்ச நேரம் தூங்கும், ஏனென்றால் குவைத்தில் விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கும்; இங்கே வெயில் தாழ்ந்த பிறகு அது வேர்க்கும்.

போனில் பேசும்போது அவனுக்கும் அவளுக்கும் இடையே "சாப்டியா", "சாப்டேன்", "மழை உண்டா", "இல்ல" என்பதற்கு மேல் பேச்சு நீண்டதில்லை. சேர்ந்து இருந்த நாளைவிடப் பிரிந்திருந்த நாள் கூடிப்போனவர்களுக்கு என்ன பேசுவது என்றே மறந்துபோகிறது. கை பேசியது. அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது அவன் வாயைத் திறக்கவில்லை, கை கொதித்தது. பூமயில் துணியை நனைத்து நனைத்து அதன்மேல் போட்டு, சூடு தணிகிறவரை விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெயில் காலம் வந்ததும் தினமும் மண்பானைத் தண்ணீரை மொண்டு அந்தக் கையில் ஊற்றுவது அவளுக்கு வழக்கமாயிற்று. சாயங்காலத்தில் வாசலில் நின்று வலது கையையும் மேலே தூக்கி, விரலோடு விரலைக் கோத்துக்கொள்வாள். தெருவில் போகிறவர்கள் அவள் ஏதோ சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் சாமியும் வேண்டியிருக்கவில்லை, பூதமும் வேண்டியிருக்கவில்லை.

மற்றவர்கள் வீட்டிலும் இதேதான் நடந்திருக்க வேண்டும், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. வைத்தியத்துக்கு என்று மதுரைக்குக் கிளம்பியவர்கள் பரமக்குடியிலேயே இறங்கி, பூ வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள். சேதுராசு வீடியோவில் வரச் சொன்னால், கேமரா போயிருச்சு மச்சான் என்று பூமயில் பொய் சொல்வாள். கேட்காமல் அவன் கையைத் தூக்கிவிட்டோமே என்கிற குறுகுறுப்பு பாதி. சொன்னால் கை போய்விடுமோ என்கிற பயம் பாதி.

கம்பெனிக்கு யோகம் அடித்தது. தூக்கிய கைகளைப் படம் பிடித்து, மாவட்டம் முழுக்க ஆள் உயரத்துக்குப் பலகை வைத்தார்கள், இன்றுவரை ஆதரிக்கும் எங்கள் சகோதரிகள் என்று போட்டு. கோர்ட்டில் யாரோ வழக்குப் போட்டபோது, அன்றைக்குக் கொடுத்த சம்மதம் இன்னும் இறங்கவில்லை ஐயா, நேரில் வந்து பாருங்கள் என்று கம்பெனி வக்கீல் சொன்னார். நேரில் வந்து பார்த்தார்கள், பார்த்ததைத் தள்ள முடியவில்லை. ஆட்சி மாறியது. கிணற்றை மூடுவேன் என்று மேடைக்கு மேடை தொண்டை கிழியக் கத்தியவர் மந்திரியாகி, கெஸ்ட் ஹவுஸில் குழம்பு சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, மக்களே கையைத் தூக்கி நிற்கும்போது நான் யார் மறுப்பதற்கு என்று கான்ட்ராக்டை நீட்டித்துக் கொடுத்தார். ஒரு கிணறு நாலைந்து ஆனது. லாரி லாரியாக வடக்கத்திப் பையன்கள் வந்து இறங்கினார்கள், அவர்கள் ஊரிலும் யாராவது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்களோ என்னவோ. நொச்சியேந்தல் ஆம்பளை ஒருத்தனையும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

பூமயில் மட்டும் சந்தானம் சாரை விடவில்லை. கார் நிற்கிற இடமெல்லாம் போய் நிற்பாள். "பேசிக்கிட்டுதான் இருக்கேன் தங்கச்சி, ஒன் வீட்டுக்காரருக்கு எடம் இருக்கு. கை இருக்குற வரைக்கும் அந்த எடமும் இருக்கும்" என்பார் அவர். அது பொய் என்று அவளுடைய அறிவுக்குத் தெரியும். அறிவுக்குத் தெரிந்ததெல்லாம் மனசு கேட்டுக்கொள்கிறதா என்ன?

இப்படி இருக்கையில்தான் பக்கத்து வீட்டு அழகுசுந்தரி மதினியின் கை இறங்கியது. அவள் புருஷனுக்கு யாரோ அந்தப் பலகைப் படத்தைப் போனில் அனுப்ப, அவன் சவுதியிலிருந்து கூப்பிட்டு, என்னைக் கேட்காமல் என் கையை யார் தூக்கச் சொன்னது என்று குதித்தான். மதினியும் விடாமல், "சரி, இப்பக் கேக்குறேன், தூக்கலாமா வேணாமா சொல்லு" என்றாள். அவன் பதில் சொல்லி வாயை மூடுவதற்குள் கை இறங்கி, அடுப்பு மேடையில் இருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டது. அன்றைக்கே விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. பின்னால் கேட்டவர்களுக்கெல்லாம், ஆமாம் என்று அவன் சொன்னாலும் இறங்கியது, இல்லை என்று சொன்னாலும் இறங்கியது, கேட்டால் போதும். அவனைக் கேட்கவே இல்லை என்பதுதான் கையின் குறையாக இருந்திருக்கிறது. ஆனாலும் உடனே ஓடிப்போய் ஒருத்தியும் கேட்டுவிடவில்லை. ஒருத்தி தீபாவளி முடியட்டும் என்றாள், ஒருத்தி அவர் உடம்பு தேறட்டும் என்றாள். கேட்ட பிறகு சில நாள் அவர்கள் வீட்டில் சாவு விழுந்த மாதிரி சமையல் இருக்காது. அதை யாரும் என்ன ஏது என்று விசாரிக்கவும் இல்லை.

கடைசியில் கம்பெனியின் கண் கண்மாயில் விழுந்தது. தண்ணீர் தேங்குகிற உள்வாயில் கிணறு தோண்டினால் எண்ணெய் நன்றாக ஊறும் என்று சொல்லி, மந்திரி கையெழுத்துப் போட்டு, டெண்டரும் விட்டு, யாருக்குக் கிடைக்க வேண்டுமோ அவர்களுக்கே கிடைத்தும்விட்டது. சபையைக் கூட்டுவது பேருக்குத்தான். அதற்குள் ஊரில் பெரும்பாலான கைகள் இறங்கியிருந்தன, கண்மாய் என்றதும் மிச்சம் இருந்தவர்களும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டுவிட்டார்கள். பூமயிலின் கை மட்டும் நின்றது.

பந்தலில் சந்தானம் சார் எழுந்தார். அதே லட்டு, அதே மைக். "புதுசாக் கை தூக்க வேணாம். பழைய சம்மதம் இன்னும் உயிரோட இருக்கு. அந்தா பாருங்க" என்று பூமயிலைக் காட்டினார். "ஒரு கை நின்னாலும் சம்மதம் நிக்குதுன்னுதான் சட்டம் சொல்லுது." சட்டம் எதைச் சொல்ல வேண்டும் என்பதையும் கெஸ்ட் ஹவுஸில்தான் பேசி முடித்திருந்தார்கள். மந்திரியின் ஆட்கள் தலையாட்டினார்கள். ஊர் திரும்பிப் பூமயிலைப் பார்த்தது.

ஊராட்சித் தலைவர் அரியநாச்சி மேடையிலிருந்து இறங்கி வந்தாள். இத்தனை வருஷமும் தலைவர் வேலையை அவள் புருஷன்தான் பார்த்தான், மேடையில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. பூமயிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஒன்ன யாரும் வையலத்தா" என்றாள் அரியநாச்சி. "எங்க வீட்டுக்காரரு கூடவே இருக்காரு, ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியுமான்னு கேப்ப. தெரியாது. ஆனா கண்மாயி போச்சுன்னா, அவுக திரும்பி வந்தாலும் இங்க வந்து என்னத்தப் பண்ணுவாக?"

பூமயில் வலது கையைத் தூக்கி, இடது கையை ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். காய்ப்பும் தழும்பும் சூடுமாக இருந்தது. பிறகு இடுப்பில் சொருகியிருந்த போனை எடுத்து, அரியநாச்சியிடம் கொடுத்து, நம்பரைப் போடச் சொன்னாள். அன்றைக்கு அவனுக்கு லீவு நாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.

"என்ன பூமயிலு, இந்த நேரத்துல?"

"மச்சான், ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நம்ம ஊருல கெணறு தோண்டலாமான்னு கம்பெனிக்காரக சபையில கேட்டப்ப, நான் ஒங்க கையையும் தூக்கிட்டேன். ஒங்களக் கேக்கல."

அந்தப் பக்கம் அவன் காற்றுக்கு மறைவாக ஒதுங்குகிற சத்தம் வந்தது.

"எதுக்குத் தூக்குன?"

"இங்க வேலை வந்தா வந்துருவீகன்னு. வேற எதுக்கும் இல்ல மச்சான், கெணத்தப் பத்தி எனக்கு என்னா தெரியும். நீங்க வந்துருவீகன்னுதான் தூக்குனேன்." பந்தலில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். சந்தானம் சார் ஒரு லட்டு டப்பாவை எடுத்து அதன் மூடியைச் சரிசெய்தார். "இப்பக் கேக்குறேன். கண்மாயிக்குள்ள தோண்டணும்கிறாக. குடுக்கலாமா?"

"வேணாம்" என்றான் சேதுராசு. நிதானமாகத்தான் சொன்னான். "இங்க கெணத்துப் பக்கத்துல ஒரு புல்லு மொளைக்காது. இது பாலைவனம், மொளைக்காட்டி யாருக்கும் நட்டமில்ல. நம்ம கண்மாயி அப்படியா?"

கை இறங்கியது. மற்றவர்களுடையது மாதிரி தொப்பென்று விழவில்லை. தலைமுடியைத் தொட்டு, காதோரமாக வந்து, கன்னத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அந்தக் காய்ப்பு கன்னத்தில் உரசியதை அவள் உணர்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கை மடியில் கிடந்தது. நகக்கண்ணில் கறுப்பு இல்லை, விரலில் தழும்பு இல்லை, மஞ்சள் பூசிக் குளித்த பொம்பளைக் கை.

சபையில் அதற்கு மேல் தூக்க ஒரு கையும் இல்லை. மேடைக்குத் திரும்பிய அரியநாச்சி, புருஷன் முகத்தைப் பார்க்காமல், தீர்மானம் தோற்றது என்று தன் வாயாலே சொன்னாள். சந்தானம் சார் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டு, மிச்ச லட்டு டப்பாக்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பக்கத்துக் கண்மாய் எந்த ஊருடையது என்று போகிற வழியிலேயே விசாரித்திருப்பார். கெஸ்ட் ஹவுஸில் குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனாலும் நொச்சியேந்தல் கண்மாய் தப்பித்தது. ஊரே பூமயிலைச் சுற்றி நின்று கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, ஜமால் பாய் இனிமேல் பழைய மாதிரி ஜாக்கெட் தைக்கலாம் என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

வீட்டுக்கு வந்து, பழக்கம் போகாமல் மண்பானையில் தண்ணீர் மொண்டாள். எதில் ஊற்றுவது என்று தெரியாமல் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் அடித்தது.

"கை வலிக்குதா?" என்றான் சேதுராசு.

"இல்ல. இப்ப என் கையாயிருச்சு" என்றாள். செம்பைக் கீழே வைத்தாள். "கேட்டிருக்கக் கூடாது மச்சான். கேட்டிருக்கவே கூடாது."

"எனக்குத் தெரியும் பூமயிலு. அந்தப் போட்டோ எங்க கேம்புக்கும் வந்துச்சு. அப்பவே தெரியும்."

"பெறகு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

குவைத்தில் அப்போது உச்சி வெயில்.

"இங்க எல்லாருக்கும் ரெண்டு கையும் வேகும். எனக்கு மட்டும் இம்புட்டு நாளும் எடது கை குளுகுளுன்னு இருந்துச்சு" என்றான். "இப்பச் சுடுது."